தோற்றவள் கலக்கும் பால்

மிக்ஸி ஒருதரம் ஓடி நின்றது. அதோடு விட்டிருந்தால் நிரோஷா பாட்டுக்கு, கம்பி வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் அப்பியிருந்த வெள்ளை மாவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மறுபடியும் ஓடியது. எதுக்கு ரெண்டாவது தரம்? ரெண்டு வாழைப்பழமும் பொட்டுக்கடலை மாவும் மசிய ஒரு ஓட்டம் போதும், அதுவும் அந்த மிக்ஸி சத்தம் போடுவதில் கெட்டிக்காரி என்றாலும் வேலையிலும் மோசமில்லை. பழம் கனியாத காயாக இருந்ததோ என்னவோ. காலையில் தாரிலிருந்து பிய்த்தபோது அவளே பார்த்தாள், தோலில் புள்ளி விழுந்த நல்ல பழம். அப்போ பழத்துக்காக ஓடவில்லை, வேறு எதற்கோ ஓடுகிறது. அவள் எடை தூக்குகிற மேடையின் பலகை ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கின அலுப்பில் தொடை இரண்டும் தன்னால் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் நெல் குடோனாக இருந்த கூடம் அது. ராணிப்பேட்டையைத் தாண்டி, லாரி ஷெட்டுகளுக்கு நடுவில். பக்தவத்சலம் மாஸ்டர் அதை வாடகைக்குப் பிடித்து, பெண் பிள்ளைகளுக்கு எடை தூக்கக் கற்றுக்கொடுக்கிறார். கோடியில் தகரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் காஸ் அடுப்பு, பால் பாத்திரம், மிக்ஸி, இப்போது திலகா. தகரம் தரையைத் தொடாமல் ஒரு முழம் தூக்கலாக நிற்பதால் திலகாவின் கால் மட்டும் தெரிந்தது. மிக்ஸி பக்கம் பார்த்து நின்ற கால் திரும்பி, பை மாட்டுகிற ஆணி பக்கம் போனது. ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டதா, கேட்ட மாதிரி இருந்ததா? கேட்டது. நிச்சயமாகக் கேட்டது.

சற்று முன்னால்தான் எல்லாம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி. இந்த எடைப் பிரிவில் ஜில்லாவுக்கு ஒரே ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே பிரிவு, ஒரே கூடம், நாலு வருஷமாக ஒரே மேடையில் மாற்றி மாற்றித் தூக்குகிறவர்கள். இன்றைக்குத் தேர்வு வைத்தார் மாஸ்டர். திலகா கடைசித் தூக்கில் கம்பியை மார்பு வரைக்கும் கொண்டுவந்து, தலைக்கு மேல் ஏற்றப் போய், முழங்கை மடங்கிக் கீழே போட்டுவிட்டாள். நிரோஷா இரண்டு கிலோ வித்தியாசத்தில் ஜெயித்தாள். ஜெயித்தவள் சிரிக்கவில்லை, தோற்றவள் சிரித்தாள், அதுதான் முள்ளாகக் குத்துகிறது. கம்பியைப் போட்டதும் திலகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'சரிதான் போ' என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தாளே, நாலு வருஷ உழைப்பு தரையில் விழுந்து தடதடவென்று உருளும்போது எவளுக்கு அப்படிச் சிரிக்க வரும்? நிரோஷாவாக இருந்தால் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பாள். போன வருஷம் அப்படித்தான் செய்தாள். மாநிலத்தில் ஒரு மெடல் கிடைத்தால் விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைக்கும். நைனா ஷூ கம்பெனியில் தோலுக்குச் சாயம் ஏற்றி இருமுகிற இருமலுக்கு ஒரு முடிவு வரும். திலகா வீட்டிலும் அதே கதை, இன்னும் கூடவே. அவங்க நைனாவுக்கு இதயம் பலவீனம், கால் இரண்டும் வீங்கிப் போய்ச் செருப்பு நுழையாது. மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவது திலகாதான். இன்றைக்குக்கூட அங்கே போய்விட்டுத்தான் நேராக வந்தாள். வந்ததும் பையை ஆணியில் மாட்டினாள். அந்தப் பைதான்.

இப்படி நினைக்கிறோமே என்று நிரோஷாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் மனசு இருக்கிறதே, வேண்டாம் என்றால்தான் அது முந்திக்கொண்டு ஓடும். போன வாரம் மாஸ்டர் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். இந்தத் தடவை போட்டியில் மூத்திரம் பரிசோதிக்க ஆள் வருகிறார்கள், ஜெயித்தவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், கண்ட மாத்திரை, கண்ட டானிக், இருமல் மருந்து எதையும் தொடாதீர்கள், ஒண்ணு மாட்டினால் வருஷக்கணக்கில் தடை, அதோடு முடிந்தது என்றார். நீர் பிரியுறதுக்குப் போடுகிற மாத்திரைகூடத் தடைதான், வீட்டில் பெரியவர்களுக்கு இருக்கும், ஜாக்கிரதை என்றார். அப்போது திலகா கேட்டாள்: "எங்க நைனா கால் வீக்கத்துக்குப் போடுறாரே, அதுகூடவா மாஸ்டர்?" மாஸ்டர் "அதேதான்" என்றார். திலகா தலையை ஆட்டினாள். எதுக்குக் கேட்டாள்? தெரிஞ்சிக்கத்தான் கேட்டாள், வேற எதுக்கு. ஆனால் கேட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நகத்தைப் பார்த்தாளே. நகத்தைப் பார்த்தால் குற்றமா, நிரோஷாவும் இப்போது நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நகக்கண்ணெல்லாம் வெள்ளை மாவு. ஒரே ஒரு மாத்திரை. மிக்ஸியில் போட்டால் பொட்டுக்கடலை மாவோடு மாவாகப் போய்விடும். வெல்லம் இருக்கிறது, உப்புக்கல் இருக்கிறது, எந்த நாக்கு கண்டுபிடிக்கும்? ஞாயிற்றுக்கிழமை மேடையில் மெடலை மாட்டிவிட்டுக் மூத்திரம் பிடிக்கக் கையில் ஒரு சின்னப் புட்டியைக் கொடுப்பார்கள். அப்புறம் ஒரு நாள் செய்தி வரும். ஜெயித்தவள் பேரைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். அடுத்த வருஷம் இந்த ஜில்லாவிலிருந்து போக ஒருத்திதான் இருப்பாள்.

ஒன்றும் சாப்பிடாமல் போய்விடலாம் என்றாலும் உடம்பு விடாது. தொண்டை உலர்ந்து உதட்டோடு நாக்கு ஒட்டிக்கொண்டது, காதுக்குள் ஙொய் என்றது, பசி வயிற்றில் இல்லை, தோளில், தொடையில், முதுகுத்தண்டில் பசித்தது. உடம்பை முறித்த அரை மணிக்குள் உள்ளே ஏதாவது போயாக வேண்டும், இல்லையென்றால் தூக்கினதெல்லாம் தண்டம் என்பது மாஸ்டர் கணக்கு. முதலில் தண்ணீர், அதையும் மடக் மடக்கென்று குடிக்காமல் வாயில் வைத்து வைத்து. பிறகு வெதுவெதுப்பான பாலில் வாழைப்பழம், பொட்டுக்கடலை மாவு, வெல்லம், ஒரு கல் உப்பு. வியர்வையில் போன உப்பு திரும்ப வேண்டாமா என்பார். அப்புறம் அவித்த முட்டை, வீட்டுக்குப் போய்ச் சோறு. ஆளுக்கொரு வைத்தியம் இதற்கு. நைனா, "அதெல்லாம் எதுக்கு, பழைய சோத்துத் தண்ணியில ஒரு வெங்காயத்தக் கடிச்சிக்கினு குடி, உடம்பு கல்லு மாதிரி ஆவும்" என்பார். அம்மா, சூட்டு உடம்போடு எதையும் குடிக்காதே, சளி பிடிக்கும் என்பாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜிம் பையன்கள் டப்பா பொடியைப் புட்டியில் போட்டுக் குலுக்கிக்கொண்டே நடப்பார்கள், சாமிக்கு மணி ஆட்டுகிற மாதிரி. அந்த டப்பாக்குள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது, பால் கறந்ததை நான் பார்த்தேன், பழம் பறித்ததை நீ பார்த்தாய், இதைக் குடி என்பார் மாஸ்டர். கறந்ததைப் பார்த்தார், பறித்ததைப் பார்த்தாள், கலக்குவதை யார் பார்த்தது? அது தகரத்துக்குப் பின்னாலே அல்லவா நடக்கிறது.

கலக்குகிற விஷயத்தில் இந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை, மாஸ்டராகக் கொண்டுவந்தது. தேர்வில் தோற்றவள்தான் ஜெயித்தவளுக்குப் பால் கலக்க வேண்டும். ஜெயித்தவள் பாதி குடித்துவிட்டு, மீதியை அதே டம்ளரில் தோற்றவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் அதைக் குடிக்க வேண்டும். தோத்த காரம் பாலோட எறங்கிடணும், ஜெயிச்ச திமிரு எச்சிலோட போயிடணும் என்பார். நிரோஷா எத்தனையோ தரம் கலக்கியிருக்கிறாள், எத்தனையோ தரம் குடித்திருக்கிறாள். பாதியை அவளும் குடிக்கப்போகிறாளே, அப்புறம் என்ன பயம்? இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு மூச்சு இறங்கியது. தான் குடிக்கிற பாலில் எவளாவது எதையாவது போடுவாளா, சீ, என்ன புத்தி இது என்று தலையில் லேசாகக் குட்டிக்கொண்டாள். குட்டின கை இறங்குவதற்குள் அடுத்தது வந்து நின்றது. திலகா குடித்தால் திலகாவுக்கு என்ன? அவள் போட்டிக்கு வரவில்லை. அவள் மூத்திரத்தை எவன் கேட்கப்போகிறான்? ஒரு பாதி மாத்திரையில் இரண்டு தரம் கூடுதலாகக் கழிவறைக்குப் போவாள், அவ்வளவுதான். சிரித்த முகத்தோடு பாதியைக் குடிப்பாள், இவளும் நம்பிப் பாதியைக் குடிப்பாள், வழக்கமும் கெடாது, வேலையும் முடிந்துவிடும். நம்பிக்கைக்காக வைத்த வழக்கம் பாருங்கள், இப்போது அதில் நம்புவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. மிக்ஸி நின்றுவிட்டது. டம்ளரில் ஊற்றுகிற சத்தம். கரண்டி கிண்கிண் என்றது. ரொம்ப நேரம் கலக்கினாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? ஒருத்தி சொன்னாள், சில வருஷத்துக்கு முன்னால். அவளுக்கும் திலகாதான் அன்றைக்குப் பால் கலக்கினாள். பால் எனக்கு ஒத்துக்காது என்றாள் அவள், முந்தின நாள் எல்லாரோடும் உட்கார்ந்து பால்கோவா தின்றவள். மாஸ்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து போய் அவள் செருப்பை எடுத்து வாசலுக்கு வெளியே, தெருவைப் பார்க்க வைத்தார். திலகா காலனிப் பெண். அவளும் நிரோஷாவும் ஒரே ஊர்தான், நடுவில் ஒரு ஏரிக்கரைதான் தூரம், அந்த ஏரிக்கரையின் நீளம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். "அங்க போயி எத வேணா தூக்கு, எறக்கு. வாயில மட்டும் எதையும் வெச்சிக்காத" என்று அம்மா முதல் நாளே சொல்லி அனுப்பினாள். நிரோஷா நாலு வருஷமாக வீட்டில் 'தண்ணிதான் குடிச்சேன்' என்று பொய் சொல்லி, இங்கே திலகா கையால் குடித்துக்கொண்டிருக்கிறாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அம்மா மாதிரி நான் இல்லை என்கிற பெருமை. இப்போது அந்த டம்ளர் வருவதற்கு முன்னாலேயே தொண்டை அடைத்துக்கொண்டதே, இது மாத்திரைக்குப் பயந்த தொண்டையா, அம்மா தொண்டையா? திலகா கலக்காமல் வேறு யாராவது, இங்கே தூக்க வருகிற லாரி ஷெட்டுக்காரர் பெண் கலக்கியிருந்தால் மிக்ஸி இரண்டு தரம் ஓடியதைக் கவனித்திருப்பாளா? கவனித்திருப்பேன் என்றாள் தனக்குள். மாநிலப் போட்டி, வேலை, நைனா இருமல், யாராக இருந்தாலும் கவனிக்கத்தான் செய்வேன். சொன்னாளே தவிர, நெஞ்சு அதை வாங்கிக்கொள்ளவில்லை.

தகரத்தைத் தோளால் தள்ளிக்கொண்டு திலகா வந்தாள். எவர்சில்வர் டம்ளர் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது, சிந்தாமல் இருக்க அதையே பார்த்துக்கொண்டு, சின்னக் குழந்தை நடக்கிற மாதிரி நடந்து வந்தாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறாளா, அடுப்புச் சூடா? "இன்னா மே, மூஞ்சி வெளுத்துப் போச்சி? ஜெயிச்சவ மாதிரியா குந்திக்கினு இருக்கே?" என்று டம்ளரை நீட்டினாள். நிரோஷா வாங்கினாள். வெதுவெதுப்பு உள்ளங்கைக்கு இதமாக இருந்தது, வெல்லமும் பழமும் கலந்த வாசனை மூக்குக்குள் போனதும் வாயில் எச்சில் ஊறியது, உடம்புக்கு வெட்கமே கிடையாது. மேலே நுரை. நுரையில் வெள்ளையாக ஒரு பொட்டு. மாவுக் கட்டியா? "குடி, ஆறிடும்" என்றாள் திலகா. "நீ மொதல்ல குடியேன்" என்று நிரோஷா சொன்னாள். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. திலகா சிரிக்கப் பார்த்தாள். "வழக்கத்த மாத்துறியா? ஜெயிச்சது நீதானே" என்றவள், நிரோஷா முகத்தைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு இருந்த இடத்தில் எதுவும் இல்லை. பலகையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். எப்போதும் இடித்துக்கொண்டு உட்காருகிறவள். கூடத்தின் மறுகோடியில் மாஸ்டர் தட்டுகளை எடை வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காத குரலில் திலகா கேட்டாள்: "உங்கம்மா எதனா சொன்னாங்களா?"

நிரோஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை, அது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அது இல்லையென்றால் வேறு எது என்று கேட்பாளே. உங்க நைனா மாத்திரையை நீ இதில் போட்டிருப்பாயோ என்று சந்தேகப்பட்டேன் என்று சொல்வதா? இரண்டில் எதைச் சொன்னால் குறைவாக வலிக்கும்? உன் தெருவுக்காகத் தயங்குகிறேன் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விடுவதா, உன்னைக் கள்ளி என்று நினைத்தேன் என்று உடைப்பதா? திலகா காத்திருக்கவில்லை, அவளுக்கு இந்த மௌனம் எங்கெல்லாமோ கேட்டுப் பழகின மௌனம். "ஊர்ல திருவிழா வேற வருது, எதனா பேச்சு ஆயிருக்கும். சரி, வுடு" என்றாள். "ஒண்ணு பண்ணு. உள்ள பால் இன்னும் கீது, பழமும் கீது. நீயே போயி கலக்கிக்கினு குடிச்சிடு. இத நான் குடிச்சிக்கிறேன். மாஸ்டர் கேட்டா நான்தான் கலக்குனேன்னு சொல்லிக்கிறேன். உன் பேர வுட்டுக்குடுக்க மாட்டேன்." டம்ளரை வாங்கக் கையை நீட்டினாள். கோபம் இல்லை அந்தக் குரலில், அதுதான் தாங்கவில்லை. ஏற்பாடு என்னவோ பத்திரமான ஏற்பாடு. தன் கையால் கலக்கித் தன் கையால் குடிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை தைரியமாகப் புட்டியை நிரப்பிக் கொடுக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. விஷம் வைத்தவள் இப்படிச் சொல்வாளா? சொல்வாள், இவள் வெட்கப்பட்டு மறுப்பாள் என்று தெரிந்தால் சொல்வாள். சொல்ல மாட்டாள், போட்டிருந்தால் இந்த டம்ளரை நிரோஷா வாயில் ஊற்றத்தானே பார்ப்பாள். இல்லை, பார்க்காத மாதிரி... இப்படியே போனால் இதற்கு முடிவு கிடையாது, செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கலாம், பால் ஆறி ஆடை படிந்துவிடும், இவள் தள்ளி உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். நீட்டின கை அப்படியே நீண்டிருந்தது, உள்ளங்கையில் கம்பி பிடித்துக் காய்த்த அதே இடங்கள்.

நிரோஷா டம்ளரை வாயில் வைத்தாள். முதல் வாய் இனித்தது. இரண்டாவது வாயில் அடியில் எங்கோ கசந்தது, கசந்ததா, பயத்துக்கு அப்படித் தெரிந்ததா, நிறுத்தினால் யோசனை வந்துவிடும் என்று நிறுத்தாமல் குடித்தாள். பாதி வந்துவிட்டதை டம்ளரின் கனம் சொன்னது. இங்கே நிறுத்தித் திலகாவிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவள் குடிப்பாள், குடிக்கும்போது அவள் தொண்டையையே இவள் கண் பார்க்கும். இறங்குகிறதா, தயங்குகிறாளா, உதட்டை மட்டும் நனைக்கிறாளா என்று பார்க்கும். பார்க்காதே என்றால் கேட்காது. அவள் கொஞ்சம் மெதுவாகக் குடித்தால் போதும், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், இனி வருகிற வருஷமெல்லாம் அந்த மெதுவைத்தான் மென்றுகொண்டிருப்பாள். அந்தத் தொண்டையைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை என்று நினைத்தாள். தலையை நன்றாக அண்ணாந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கம்பியைத் தலைக்கு மேல் ஏற்றுகிற அதே வீம்போடு மீதிப் பாதியையும் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வயிறு கனத்தது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பயம் அந்த வயிற்றிலேயே கிடக்கும், அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. கிடக்கட்டும் என்று டம்ளரைக் கீழே வைத்தாள்.

திலகா டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தாள். கவிழ்த்தும் பார்த்தாள். ஒரு சொட்டு நூலாக இறங்கிப் பலகையில் விழுந்தது.

"அடிப்பாவி, என் பங்கு?"

"தீந்துபோச்சி."

"மாஸ்டர் பார்த்தா செருப்ப வெளிய வெச்சிடுவாரு."

"வெச்சா வெக்கட்டும். பசிச்சிது மே" என்றாள் நிரோஷா.

திலகா கொஞ்ச நேரம் வெற்று டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பலகையில் நகர்ந்து வந்து, எப்போதும் போல இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.